இருபத்தேழு ஜோடியும் ஒரு பலாமரமும்

என்னிடம் இருபத்தேழு ஜோடி காலணிகள் இருக்கின்றன. நில அளவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தியை அனுபவம் எழுதச் சொன்னால் இப்படியா தொடங்குவாள் என்று நீங்கள் நினைக்கலாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் நினைக்கமாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் நிலங்களின் அளவு குறித்த புலப்படங்கள் வைத்திருக்கும் பீரோவைக் காட்டுவார்கள். அடுத்தபடியாக, என் மேசைக்கு அடியில் வரிசைகட்டி நிற்கும் செருப்புகளைக் காட்டுவார்கள்.

போன மாதம் இளைய நில அளவர்கள் இரண்டு பேர் செம்மேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்கிற கருவியை வைத்துத்தான் கொல்லிமலையில் அளக்கிறார்கள். கம்பத்தை ஊன்றிப் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. சங்கிலி இழுத்த காலத்தைப் பற்றி எங்கள் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். அது பொற்காலம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. சரிவில், மழையில், இரும்புச் சங்கிலியை இழுத்த யாரும் அப்படி எழுதமாட்டார்கள். இந்தக் கருவி பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் என் முழங்கால் இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் கருவி செருப்புப் போட்டுக்கொள்வதில்லை. நான் போட்டுக்கொண்டேன். அதனால் எனக்குக் கிடைத்த பெருமையும் உண்டு, நான் செய்த ஒரு பெரிய தப்பும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பைத்தியத்தைப் பற்றி. இதற்குக் காரணம் தேடாதீர்கள். சின்ன வயதில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கதை எதுவும் என்னிடம் கிடையாது. ராசிபுரத்தில் என் அப்பா வருடத்துக்கு இரண்டு ஜோடி வாங்கித் தந்துகொண்டுதான் இருந்தார். எனக்குப் பிடித்தது, வாங்கினேன், அவ்வளவுதான். புடவைக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவேன். செருப்புக் கடைக்குள் போனால் என் கணவர் எதிரே இருக்கும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிடுவார். "உனக்கு ரெண்டு காலுதானே இருக்குது?" என்று கேட்பார். வாரத்துக்கு ஏழு நாள் இருக்கிறதே என்பேன்.

மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் காரவள்ளி வந்து, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் சேந்தமங்கலம். அங்கே அபுபக்கர் பாயின் கடை. புதுச்சரக்கு வந்தால் பாய் எனக்குத்தான் முதலில் போன் பண்ணுவார். என் இடது கால் வலது காலைவிட அரை நம்பர் பெரியது என்பதை என் வீட்டில்கூட யாரும் கண்டுபிடித்ததில்லை. பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் பெட்டியில் இடதும், ஆறரைப் பெட்டியில் வலதுமாக எடுத்து ஒருமுறை ஜோடி சேர்த்துக் கொடுத்தார். மிச்சமான ஜோடியை யார் தலையில் கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

பயிற்சி, மூன்று ஊர் மாற்றல், கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். மலைக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், குதி உயர்ந்த ஒரு சந்தன நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். நில அளவை ஆய்வாளர் சுப்பராயன் சார் அதை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சங்கிலியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மத்தியானத்துக்குள் இடது குதி பிய்ந்துவிட்டது. அவர் தன் பையிலிருந்து கொஞ்சம் கட்டுக்கம்பி எடுத்து நீட்டினார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அளக்கப் போன இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அளவு முடியும்வரை யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் எதிர்த் தரப்பு முகம் மாறும் என்பார். சங்கிலியின் முன் முனையில் அவர் நிற்பார். அளவை ஒரே ஒரு முறை சொல்வார். எழுதுகிறவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அவர் "ம்" என்பார். அந்த "ம்" வராமல் சங்கிலி தரையை விட்டு எழும்பக் கூடாது. மலைச்சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்கப்போட்டால் நீளம் கூடிவிடும். அதனால் சங்கிலியைக் காற்றில் மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடுகிற இடத்தில் ஆணி அடித்து, அங்கிருந்து அடுத்த ஐந்து மீட்டர். ஒரு சரிவை அளந்து முடிப்பதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும். இவ்வளவையும் செய்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பழைய கற்கள் இரண்டிலிருந்தாவது அளந்து ஒத்துப்பார்க்காமல் அவர் எந்த எல்லையையும் யாருக்கும் காட்டியதில்லை.

குதி பிய்ந்த அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நடந்த அதே வரப்பை மாலையில் நடந்தபோது தப்படி எண்ணிக்கை மாறியது. செருப்பு மாறினால் தப்படியும் மாறுகிறது. எனக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எந்த ஜோடி வாங்கினாலும், அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் சமதரையில் இருபது மீட்டர் சங்கிலியை நீட்டிப்போட்டு, அதன் பக்கத்திலேயே மூன்று முறை நடந்து, எத்தனை தப்படி என்று ஒரு சின்ன டைரியில் எழுதிவைப்பேன். நீலக் கேன்வாஸ், முப்பத்தொன்று. பழுப்புத் தோல் செருப்பு, இருபத்தொன்பது. வெள்ளைக் குதிச்செருப்பு, முப்பத்து நான்கு. சரிவில் இதெல்லாம் எடுபடாது. சமமான இடத்தில் என் தப்படி சங்கிலிக்கு அரை மீட்டர் தள்ளிப் போனதில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் ஒரு தோட்டத்தை அளக்கப் போனபோது, அதன் சொந்தக்காரருக்குப் பின்னால் பேசிக்கொண்டே நடந்தேன். மூலைக்கல் வர வேண்டிய இடத்துக்குப் பத்துத் தப்படி தள்ளிப்போய்க் கல் நின்றது. கல் நடந்திருக்கிறது என்று சாரிடம் காதோடு சொன்னேன். சங்கிலி போட்டோம், ஆறரை மீட்டர் நடந்திருந்தது. திரும்பி வரும்போது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். டைரியைக் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கேன்வாஸ், தோல், ரப்பர், குதி உயர்ந்தது, வார் வைத்தது எல்லாவற்றையும் படித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா இது உனக்கு. மனுதாரருக்கு இல்ல."

நான் முதல் வார்த்தையை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு தலைக்கனம் ஏறிவிட்டது. மலையில் என்னைச் "செருப்பு சர்வேயரம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வெட்கமே இல்லை.

நான் மலைக்கு வந்து பத்து வருடம் போல ஆகியிருந்த சமயம். திருப்புலி நாட்டில் நல்லாயி என்று ஒரு பெண். கணவர் கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அவளுடைய அப்பா இறந்தபின் அவர் நிலத்தில் ஒரு பகுதி அவள் பெயருக்கு வந்திருந்தது. அதை ஒட்டிய நிலம் அவளுடைய பெரியப்பா மகன் பெரியண்ணனுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பலாமரம், அதில் ஏறிய மிளகுக் கொடிகள். எல்லைக்கல்லைக் காணவில்லை. எல்லையை அளந்து அத்துக்காட்டச் சொல்லி நல்லாயி மனுக் கொடுத்திருந்தாள். எங்கள் வரிசையில் அந்த மனுவுக்கு முறை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஊரில் வேறொரு வேலையை முடித்துக்கொண்டு நானும் உதவியாளரும் கிளம்பும்போது நல்லாயியும் பெரியண்ணனும் சேர்ந்தே வந்து நின்றார்கள். சண்டையெல்லாம் இல்லை. மரம் யார் பக்கம் வருமென்று மேலோட்டமாகப் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். பெரியண்ணன் வீட்டுக்கு மரம் தேவைப்பட்டது. தன் பக்கம் வந்தால் அறுத்துக்கொள்வேன், தங்கச்சி பக்கம் வந்தால் தொடமாட்டேன் என்றார். அன்றைக்கு நான் புது ஊதா நிற ஷூ போட்டிருந்தேன். பாய் அதற்கு முந்தின வாரம் எடுத்துவைத்தது. சங்கிலிக்கு முப்பது தப்படி. அளக்க வேண்டிய கோடு சமமான மேட்டில் ஓடியது. கையில் புலப்படம் இருந்தது. நல்லாயி நிலத்தின் மறுகோடி மூலையில் ஒரு கல் உறுதியாக நின்றது. அங்கிருந்து காணாமல்போன கல்வரை அறுபது மீட்டர், அதாவது மூன்று சங்கிலி.

நடந்தேன். தொண்ணூறாவது தப்படி பலாமரத்துக்கு இரண்டு மீட்டர் இப்பாலேயே விழுந்தது. மரம் பெரியண்ணன் பக்கம் வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நல்லாயி மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். இனி எதற்கு வீண் அலைச்சல் என்று, மனுவை வாபஸ் வாங்குவதாக அங்கேயே எழுதி எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அறுப்பு ஆட்களைத் திங்கட்கிழமை வரச்சொல்லப் போவதாகப் பெரியண்ணன் சொன்னார். ஒரு பிரச்சினையைப் பத்து நிமிடத்தில் தீர்த்த பெருமையோடு நான் பஸ் ஏறினேன்.

என் செருப்புகளை நான் யாரையும் கழுவ விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அந்த ஊதா ஷூவைக் கையில் எடுத்தேன். அடிப்பாகத்துப் பள்ளங்களில் பாதைச் சரளை மட்டும் சிக்கியிருந்தது. சேறு இல்லை. வெள்ளிக்கிழமை நான் நடந்த இடத்தில் முதல் இருபது மீட்டர் வண்டிப்பாதை, மீதி நாற்பது மீட்டர் நல்லாயியின் சாமைக்காடு. மழை பெய்து ஈரமாக இருந்த காடு. ஷூவில் சேறு அப்பியிருக்க வேண்டுமே என்று யோசித்தேன்.

மலையில் விதை போட்ட காட்டுக்குள் யாரும் செருப்புக் காலோடு இறங்கமாட்டார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வரப்பு வந்ததும் செருப்பு தானாகக் கழன்றுவிடும். பத்து வருடத்தில் எனக்கும் அது காலோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டிருந்தது. "முப்பது, முப்பது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வரப்பில் ஷூவைக் கழற்றிவிட்டு முப்பத்தொன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். கழற்றியது எனக்கு நினைவிலேயே இல்லை. என் டைரியில் அத்தனை ஜோடிக்கும் தப்படி எழுதியிருந்தேன். வெறுங்காலுக்கு எழுதவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொத்திப்போட்டிருந்த மண்ணில் டேப்பை நீட்டி வெறுங்காலோடு நடந்தேன். முப்பத்து மூன்று. மறுபடி நடந்தேன். முப்பத்து மூன்றேதான். அப்படியானால் நாற்பது மீட்டர் என்று நான் நினைத்தது உண்மையில் முப்பத்தாறு மீட்டர்தான். எல்லை இன்னும் நான்கு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். மரம் நல்லாயியுடையது. அந்த ஊரில் டவர் கிடைக்காது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. சாருக்குப் போன் பண்ணினேன். முழுவதும் கேட்டுவிட்டு, மரம் எப்போது அறுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் என்றேன். காரவள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவதாகவும், நான் சங்கிலியோடு செம்மேட்டில் ஏறிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்க வேண்டிய இடம் வந்தபோதுதான் சார் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரு முன்னாடியும் நீயே சொல்லும்மா. நான் சொன்னா, ஆபீஸு ஏதோ மாத்திச் சொல்லுதுன்னு ஆயிரும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதில் கொடி இல்லை. ரம்பம் போடுவதற்கு வசதியாக, பூச்சரம் விட ஆரம்பித்திருந்த மிளகுக் கொடிகளை அடியோடு வெட்டி இழுத்துக் கீழே போட்டிருந்தார்கள். மரத்தின் மேல் கயிறு கட்டியாகிவிட்டது. நல்லாயி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளக்கப் போன இடத்தில் அதிகாரி தப்பை ஒப்புக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான், வெள்ளிக்கிழமை சங்கிலி போட்டு அளக்காமல் நடந்து பார்த்துச் சொன்னேன், பாதியில் செருப்பைக் கழற்றியதை மறந்துவிட்டு எண்ணினேன் என்றேன். அறுப்புக்காரர்கள் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, நீங்க செருப்பக் கழட்டுனா எங்க காடு சுருங்கிப் போயிருங்களா?"

என்னிடம் இருந்த பதில் சங்கிலி ஒன்றுதான். நல்லாயி எழுதிக் கொடுத்த வாபஸ் கடிதம் இன்னும் என் பையில்தான் இருந்தது, அலுவலகத்தில் சேர்க்கவில்லை. அதனால் மனு உயிரோடுதான் இருந்தது. இன்றைக்கே அளந்துகொள்ளச் சம்மதம் என்று சார் இருவரிடமும் எழுதி வாங்கினார். நின்ற கல் சரியான கல்தானா என்று வேறு இரண்டு கற்களிலிருந்து அளந்து பார்த்தார். பிறகு மூன்று சங்கிலி. அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு அளவையும் நான் திருப்பிச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவருடைய "ம்" வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சங்கிலி பலாமரத்தைத் தாண்டி இரண்டு மீட்டரில் போய் முடிந்தது. சார் அந்த இடத்தைத் தோண்டச் சொன்னார். பெரியண்ணனே கடப்பாரையை வாங்கினார். இரண்டு முழம் சருகும் மண்ணும் போனபின் கடப்பாரை கல்லில் பட்டது. தலையில் குறி வெட்டிய பழைய சர்வே கல், விழுந்து கிடந்தாலும் இடம் மாறாமல் இருந்தது.

பெரியண்ணன் மரத்தில் ஏறி, கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்துப் போட்டார். நல்ல மனுஷன். தப்பு அவருடையதல்ல, என் வார்த்தையை நம்பினார். நல்லாயி கீழே கிடந்த கொடிகளைத் திரட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "கொடிக்கு யாருங்க பதிலு?" என்றாள். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சார் எனக்கு மெமோ கொடுத்தார். கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை குறைந்திருக்கும். நடந்ததை ஒரு பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுத்தேன். டைரியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: வெறுங்கால், முப்பத்து மூன்று. அதன் பிறகு ஓய்வுபெறும்வரை எந்த மனுதாரரிடமும் வாய்வார்த்தையாக ஓர் எல்லையைக்கூட நான் சொன்னதில்லை. செருப்பு வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. தப்புச் செய்தது நான்; பாயின் கடை என்ன பாவம் செய்தது?

அடுத்த வாரமே வேர்விட்ட மிளகுக் கன்றுகளை வாங்கிக்கொண்டு போய் நல்லாயியோடு சேர்ந்து மரத்தடியில் நட்டேன். அவள் குழி எடுத்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன். பேச்சு அதிகம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வேலையாகப் போனதில்லை, லீவு போட்டுத்தான் போவேன். இரண்டாம் வருடம் டீ கொடுத்தாள். மூன்றாம் வருடம் வரப்பில் நான் கழற்றிவிட்டிருந்த பச்சைச் செருப்புக்குள் தன் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, வழுக்கும்போல இருக்கிறதே என்று அபிப்பிராயம் சொன்னாள். நான்காம் வருடம் கொடி கிளைவரை ஏறி, முதல் சரம் விட்டிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இப்போதாவது என்மேல் இருக்கும் கோபம் போயிற்றா என்று கேட்டேன்.

அவள் கீழே விழுந்திருந்த ஒரு சரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கொடி போனதுக்கு எனக்குக் கோவமே இல்லீங்கம்மா. இந்த மரம் நம்முதுதான் கண்ணுன்னு எங்கப்பன் சாவறப்ப என் கையப் புடிச்சுச் சொன்னாருங்க. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. படிச்சவங்க, ஆபீஸுக்காரங்க, நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் எங்கப்பன் பொய் சொல்லிட்டுப் போய்ட்டாருன்னே இருந்தேனுங்க. நீங்க திரும்பி வராட்டி, நான் சாவற மட்டும் அப்படித்தானுங்க இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு, மரவள்ளிக்கிழங்கு வெந்திருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் மரத்தடியிலேயே நின்று அழுதேன்.